கேட்பது என்றால் என்ன?

"ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறது முதலா, சாதியை எதிர்க்கிறது முதலா?" விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துத் தலித் கிறிஸ்தவ இளைஞர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி இது. இரண்டையும் பிரித்துக் கேட்பதே தப்பு என்பேன்.

எறையூரைப் பாருங்கள். அன்றைக்கு விழுப்புரம் மாவட்டம். 2019 முதல் கள்ளக்குறிச்சி. செபமாலை மாதா கோயிலில் உட்காரும் இடத்திலும் சாதி, கல்லறையிலும் சாதி. சேரி மக்கள் விசுவாசத்தை உதறிவிட்டுப் போகவில்லை. தங்கள் கோயிலைத் தனிப் பங்காக்கு என்றார்கள். 2008 மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் செத்தார்கள்.

சேரி கேட்டது வேறு சாமியை இல்லை. அதே பூசை, அதே வாசகம், தலை நிமிர்ந்து உட்கார ஓர் இடம். வழிபாட்டை இவர்களைவிட முதன்மையாக வைத்தவர் யார்? தனிப் பங்கு கேட்டால் திருச்சபை உடையும் என்கிறார்கள். ஓரமாக உட்கார வைத்த அன்றைக்கே அது உடைந்துபோகவில்லையா?

பணக்காரனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குக் காலடியும் காட்டுகிற சபையை யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரம் கண்டிக்கிறது. அதைக் கேட்டவன் நகர்ந்து இடம் விடணும். விடாதவன் வாரம் தவறாமல் வந்தாலும் கேட்காதவன்தான்.

"அப்போ நாம போகாம இருந்துடலாமா?" கூடாது. வசனம் நமக்கும் சொந்தம். போகணும், கேட்கணும். ஒதுக்கிவைத்த மூலையில் மட்டும் உட்காரக் கூடாது.