மன்னா கற்பித்த பாடம்

சீனாய் மலையில் இறைவன் மோசேயின் மூலம் பத்துக் கட்டளைகளை அருளிய வரலாறு பழைய ஏற்பாட்டில், யாத்திராகமத்தின் 20-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அதற்கு முன்பே இஸ்ரவேல் மக்கள் எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டுவிட்டார்கள். இந்த வரிசை நம் சிந்தனைக்கு உரியது. கட்டளைகளைக் கடைப்பிடித்தால்தான் விடுதலை என்று இறைவன் நிபந்தனை விதிக்கவில்லை. முதலில் விடுதலை, பின்னரே கட்டளை.

ஆனால் தலைமுறை தலைமுறையாக அடிமைகளாக வாழ்ந்தவர்கள் சவுக்கின் ஆணையை மட்டுமே அறிந்திருந்தார்கள். அச்சத்தினால் பணியத் தெரிந்த அவர்களுக்கு, அன்பினால் பணிவது எப்படி என்று தெரியாது. அதை அவர்கள் கற்றாக வேண்டும். அதற்கான பாடம் சீனாய் மலையை அடையும் முன்பே, உணவின் வழியாகத் தொடங்கிற்று.

பாலைவனத்தில் அவர்கள் பசியால் முறுமுறுத்தபோது, அதிகாலையில் பனி நீங்கிய தரையின்மீது சிறுசிறு உருண்டைகளாக ஓர் உணவு கிடந்தது. அதுவே மன்னா. அன்றைய தேவைக்கு மட்டும் சேர்க்க வேண்டும். மறுநாளைக்கு வைக்கக் கூடாது. ஆறாம் நாள் இரட்டிப்பாகச் சேர்த்து, ஏழாம் நாள் ஓய்ந்திருக்க வேண்டும் என்பது விதி. சிலர் விதியை மீறி மறுநாளைக்கு வைத்தார்கள். அது புழுத்து நாறியது. சிலர் ஓய்வுநாளிலும் தேடிச் சென்றார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. மோசே அவர்கள்மீது சினம் கொண்டார். ஆயினும் தவறியவர்களுக்கு இறைவன் உணவை நிறுத்தவில்லை. நாற்பது ஆண்டுகள் மன்னா கிடைத்தது; பாடமும் நாள்தோறும் தொடர்ந்தது.

நாளைக்கு இறைவன் தருவான் என்று நம்பாதவனே இன்று பதுக்குகிறான். அந்த அவநம்பிக்கைதான் திருட்டாகவும், பொய்ச்சாட்சியாகவும், பிறர் பொருளின்மீது எழும் ஆசையாகவும் வடிவெடுக்கிறது. எனவே, கட்டளைகளைக் கற்பதற்கு முன் நம்பிக்கையைக் கற்க வேண்டியிருந்தது. ஏசுநாதர் தம் சீடர்களுக்குக் கற்பித்த ஜெபத்திலும் அன்றாட உணவை மட்டுமே கேட்கச் சொன்னார் என்பது நினைவுகூரத் தக்கது.

செல்வந்தன் ஒருவன் ஏசுநாதரிடம் வந்து, நிலைவாழ்வு பெற என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட நிகழ்ச்சி மாற்கு நற்செய்தியில் உள்ளது. அவர் கட்டளைகள் சிலவற்றைக் கூறினார். இளமை முதலே அவற்றைக் கடைப்பிடித்து வருவதாக அவன் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. ஏசுநாதர் அவனை அன்போடு நோக்கினார் என்றே நற்செய்தி கூறுகிறது. அவர் கூறியவற்றில் பத்தாவது கட்டளை, அதாவது பிறர் பொருளை இச்சிக்காதே என்பது, இடம்பெறவில்லை. எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாத கட்டளை அது, மனத்தைப் பற்றியது. 'உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வா' என்ற அழைப்பு அவனை அந்த மனத்தின் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தியது. அவன் துயரத்தோடு திரும்பிச் சென்றான். கட்டளைகளைக் காத்த அந்தக் கையால், பொருளைப் பற்றியிருந்த பிடியைத் தளர்த்த முடியவில்லை.

அடிமைப் பணிவுக்கும் அன்புப் பணிவுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் விளங்குகிறது. அன்புப் பணிவையே நம் பக்தி நூல்கள் தாஸ்ய பாவம் என்கின்றன. சுவாமி விவேகானந்தர் தமது பரிவிராஜக நாட்களில் கீதையோடு, கிறிஸ்தவத் துறவி தாமஸ் அ கெம்பிஸின் 'கிறிஸ்துவைப் பின்பற்றுதல்' என்ற நூலையும் உடன் வைத்திருந்தார். 1889-இல் அதன் ஆறு அத்தியாயங்களை வங்காளத்தில் மொழிபெயர்த்தார். அந்நூலில் அவர் கண்டு போற்றியது இந்தத் தாஸ்ய பக்தியைத்தான்.

இறைவன் தமது சட்டத்தை மக்களின் உள்ளத்திலேயே எழுதும் நாள் வரும் என்றார் தீர்க்கதரிசி எரேமியா. அவ்வாறு எழுதப்பட்ட உள்ளம் எப்படியிருக்கும்? ஸ்ரீராமகிருஷ்ணரின் வாழ்வில் ஒரு நிகழ்ச்சி. அவரது வயிற்று உபாதைக்காகச் சிறிது அபினைத் தம்மிடம் பெற்றுச் செல்லுமாறு சம்பு மல்லிக் கூறியிருந்தார். புறப்படும் வேளையில் இருவரும் அதை மறந்தனர். குருதேவர் திரும்பிவந்து, சம்பு பாபுவிடம் பெறாமல் அவருடைய பணியாளரிடம் வாங்கிக்கொண்டு நடந்தார். கால்கள் வழியில் செல்ல மறுத்தன. காரணம் புரிந்ததும் திரும்பிச் சென்று பொட்டலத்தை உள்ளே போட்டார். உடனே வழி தெளிவாயிற்று. பொய்யும் களவும் ஆகாது என்ற கட்டளை அவரிடம் உடலின் இயல்பாகவே ஆகிவிட்டிருந்தது.

அந்த நிலை நமக்கு ஒரே நாளில் வாய்க்காது. மன்னாவைப் போல அன்றன்றைக்குச் சேர்க்க வேண்டியதுதான். நேற்றைய நேர்மையை வைத்துக்கொண்டு இன்று வாழ முடியாது. நேற்றைய தவறுக்காக இன்று சோர்ந்து அமர்வதும் தேவையில்லை. காலையில் கண்விழித்ததும், 'இன்று நான் எதை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்?' என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அந்தப் பிடியைச் சற்றேனும் தளர்த்துவதே இன்றைய கட்டளை. அதற்கான நம்பிக்கையை எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக!