மூன்றாவது இமை

நாயின் இமையில் ஒரு கட்டி தொங்கினால் அது யாருடைய உபாதை? விதண்டாவாதமாகக் கேட்கவில்லை. நாய் தன் முகத்தைப் பார்த்ததில்லை. பார்த்து முகம் சுளிப்பவர்கள் நாம். 'பாவம்' என்று சொல்பவர்களும் நாம்தான். இரண்டுக்கும் நடுவே அதிக தூரமில்லை என்பது என் அபிப்பிராயம்.

நாய்க்கு மூக்கோரமாக மூன்றாவது இமை ஒன்று உண்டு. அதிலுள்ள கண்ணீர்ச் சுரப்பி இளம் நாய்களில் சில சமயம் பிதுங்கி வந்து, கண்ணின் மூலையில் சிவந்த உருண்டையாக நின்றுவிடும். இதற்கு 'செர்ரி ஐ' என்று பெயர். நோய்க்குப் பழத்தின் பெயரை வைத்தவன் நாயின் பக்கமிருந்து பார்த்திருக்க முடியாது. வெகுகாலம் அதை வெட்டி எறிவதே சிகிச்சையாக இருந்தது. கண் உடனே சுத்தமாகிவிடும். சொந்தக்காரர் திருப்தியோடு வீட்டுக்குப் போவார். ஆனால் நாயின் கண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்தச் சுரப்பியிலிருந்து வருவது. வெட்டப்பட்ட நாய்கள் பலவற்றுக்குப் பின்னால், சில சமயம் வருஷங்கள் கழித்து, கண் வறண்டது; கருவிழி கறுத்து மங்கியது. இப்போது சுரப்பியை உள்ளே தள்ளித் தைக்கிறார்கள். விஞ்ஞானம் முன்னேறிவிட்டது என்று இதை முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. வெட்டிய காலத்தில் குணமானது பார்த்தவனுடைய கண்.

கிழட்டு நாய்களின் இமைக்கட்டி வேறு ஜாதி. பெரும்பாலும் இமை விளிம்பின் எண்ணெய்ச் சுரப்பியில் தோன்றுவது; புற்றாக இருப்பது குறைவு. வெளிப்பக்கம் வளர்ந்தால் விகாரம், அவ்வளவுதான். உட்பக்கம் திரும்பிக் கருவிழியில் உரசினால் ஒவ்வொரு இமைப்பும் ஒரு கீறல். அந்தப் புண் சிறியதாக இருந்தால், சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பச்சையாக மினுங்கும்போதுதான் வைத்தியருக்கே நிச்சயமாகிறது. நம்மை உறுத்துவது நாயை உறுத்துவதில்லை. நாயை உறுத்துவது நமக்குத் தெரிவதில்லை.

ஏனாத்தூரிலிருந்து சில மைலில் ஏகம்பம். அங்கே சுந்தரருக்கு இடக்கண் திரும்பியது, வலக்கண் திருவாரூரில், என்கிறது பெரிய புராணம். அவர் முறையிட்டார், வழக்காடினார், வாய் இருந்தது. நாய் கண்ணைச் சுருக்கும், முன்காலால் தேய்க்கும், வெளிச்சத்தை விட்டு ஒதுங்கும். இதற்குப் 'பொறுமை' என்று நாம் அர்த்தம் பண்ணிக்கொள்கிறோம். பொறுக்க மறுக்கும் வசதி இல்லாத ஜீவனிடம் அந்தக் குணத்தை ஏற்றிச் சொல்வது நமக்குச் சௌகரியம்.

ஏனாத்தூர்ச் சாலையில் ஒரு டீக்கடைப் பெஞ்சுக்கு அடியில் படுக்கும் கிழநாய்க்கு அப்படியொரு கட்டி, பட்டாணி அளவு. சொந்தக்காரர் கிடையாது. 2023ஆம் வருஷத்து விதிகள் தெருநாயைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் டெல்லி நாய்களைக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லி, அதே மாதம் அந்த உத்தரவைத் தளர்த்தியது. ஊரெல்லாம் பேச்சு நாயின் பல்லைப் பற்றி. கண்ணைப் பற்றி யார் பேசுவது?

பிடிப்பதென்றால் வலை, கூண்டு, மயக்க மருந்து. தையலைச் சொறியாமலிருக்கக் கழுத்தில் கூம்பு; கூம்போடு தெருவில் விட்டால் மற்ற நாய்கள் பாடம் சொல்லிவிடும், ஆகவே பத்துப் பதினைந்து நாள் அடைத்து வைக்க வேண்டும். வலிக்காத கட்டிக்கு இவ்வளவு பயத்தை அதன் மேல் சுமத்த நான் யார் என்று கேட்கத் தோன்றுகிறது. காத்திருக்கலாம். ஆனால் இமையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் கட்டி இருக்கும்வரைதான் வெட்டி நேராகத் தைக்க முடியும். அதைத் தாண்டினால் இமையையே புதிதாகக் கட்ட வேண்டும். என் தயக்கத்துக்கும் விலை உண்டு. அதையும் கொடுக்கப்போவது நாய்.

இதற்கிடையில் வீட்டில் மிஞ்சிய கண் சொட்டு மருந்தை ஊற்றிவிட்டுப் போகும் தயாளர்கள் உண்டு. அதில் ஸ்டீராய்டு இருந்து, உள்ளே புண்ணும் இருந்தால், கருவிழி பொத்துப்போகலாம். ஆகவே எந்த மருந்துக்கும் முன்னால் யாராவது அந்தப் பெஞ்சுக்கு அடியில் குனிந்து, இமையைப் புரட்டி, கட்டி எந்தப் பக்கம் பார்த்து வளர்கிறது என்று பார்த்தாக வேண்டும். தொட விடுமா என்பது நாயின் இஷ்டம்.