சாட்சி சொன்ன பிறகும் வயிற்றுக் கோளாறு



நம்ம வண்ணார்பேட்டையில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றில்தான் கடந்த ஆண்டு ஐந்து நாள் கிடந்தேன். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி ராத்திரிக்குள் வலது அடிவயிற்றில் இறங்கிவிட்டது. ஸ்கேன் பார்த்த டாக்டர், "அப்பெண்டிஸ் வீங்கியிருக்கு அண்ணாச்சி. வெடிக்கல, உள்ள கல்லும் இல்ல. ஆபரேஷனும் பண்ணலாம், மருந்துலயும் பாக்கலாம்" என்றார். சபை கூடி ஜெபித்தது. ஊசிமருந்து ஏறியது. கத்தி படாமல் வீடு வந்தேன். அடுத்த ஞாயிறே எழுந்து சாட்சி சொன்னேன். அல்லேலூயா சத்தம் ஓய வெகுநேரம் ஆயிற்று.

அதன்பின் நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. வயிறு பழையபடி ஆகவில்லை. இரண்டு நாள் வெளிக்குப் போகாது, மூன்றாம் நாள் நாலு தரம் போகும். சாப்பிட்டு எழுந்தால் உப்பிக்கொள்ளும். ஆராதனை நடுவே பின்வாசல் வழியாக ஓடியிருக்கிறேன். வலது பக்கம் லேசாகச் சுருக்கென்றால் போதும், கை தானாக அங்கே போய் அமுக்கிப் பார்க்கும். "என்னங்க, டாக்டர்ட்ட ஒரு எட்டு போயிட்டு வருவோமா?" என்றாள் மனைவி. "சாட்சி சொல்லியாச்சு. இனி போனா ஜனங்க என்ன சொல்லும்?" என்றேன். அதற்கு விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேன். உள்ளே இருந்ததெல்லாம் வெட்கம்.

மூன்று மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் காலை தியானத்தில் தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம், 5-ம் அதிகாரம் வந்தது. எபேசுவில் பவுலின் சரீரத்தில் பட்ட உறுமால்களைக் கொண்டுபோய் வைத்தபோது வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19-ல் வாசிக்கிறோம். அதே எபேசுவில் ஊழியம் செய்த தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறு, அடிக்கடி பெலவீனம்! பவுல் அவனுக்கு உறுமால் அனுப்பவில்லை. உனக்கு விசுவாசம் குறைவு என்று கடிந்துகொள்ளவும் இல்லை. எதைக் குடிக்க வேண்டும் என்று, ஒரு தகப்பன் மகனுக்குச் சொல்வதுபோல் எழுதினார். வேதத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

மறுநாளே டாக்டரிடம் போனேன். ரத்தம் எடுத்தார், திரும்ப ஸ்கேன் பார்த்தார். வீக்கம் இல்லை. எனக்கு நாற்பது தாண்டியதால் குடலுக்குள் டியூப் விட்டும் பார்த்தார்; இந்த வயசில் அபூர்வமாக அங்கே கட்டி ஏதும் மறைந்திருக்குமாம். அதுவும் இல்லை, ஸ்தோத்திரம். ஆன்டிபயாடிக் கெட்ட கிருமியோடு குடலின் நல்ல கிருமிகளையும் அழித்துவிடும், அவை திரும்பப் பெருகச் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார். புண்பட்ட குடல், ஆறின பிறகும் சின்ன வாயுவுக்குக்கூட வலியால் பதறுமாம்.

குடல்வால் உள்ளேயே இருப்பதால் மறுபடி வரவும் கூடும். என்னைப்போல் மருந்துச் சிகிச்சை பெற்றவர்களைப் பின்லாந்து டாக்டர்கள் 5 ஆண்டு கவனித்து 2018-ல் கணக்கு வெளியிட்டார்கள். 100 பேரில் 39 பேருக்கு அதற்குள் ஆபரேஷன் செய்யவேண்டி வந்தது. மற்ற 61 பேருக்குத் தேவைப்படவில்லை. இதைக் கேட்டு எனக்குப் பயம் கூடவில்லை, குறைந்தது. இருட்டில் அமுக்கிப் பார்ப்பதைவிடக் கணக்குத் தெரிவது எவ்வளவோ மேல்.

காய்ச்சல், வாந்தி, வலது அடிவயிற்றில் நிற்காத வலி, மலத்தில் ரத்தம், வாயு பிரியாமல் வயிறு வீங்குவது, இதில் எது வந்தாலும் ராத்திரி என்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடி வரச் சொன்னார். வலியோடு பேதி மருந்து, விளக்கெண்ணெய் குடிக்கவே கூடாது. (நான் இரண்டு தரம் குடித்திருந்தேன். அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, இங்கே சொல்லிவிட்டேன்.) மோர், கீரை, வாழைத்தண்டு, சாயங்காலம் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு நடை. இப்போது பெரும்பாலும் நல்ல நாட்கள்தான். கெட்ட நாளும் வருகிறது.

போன காத்திருப்புக் கூட்டத்தில் மறுபடி எழுந்து மீதிச் சாட்சியையும் சொன்னேன். இந்தத் தடவை அல்லேலூயா சத்தம் பெரிதாக எழும்பவில்லை. ஆனால் ஜெபம் முடிந்து செருப்பு மாட்டும்போது, கடைசி வரிசையில் உட்காரும் ஒரு சகோதரி என் மனைவியைத் தனியே கூப்பிட்டு, வேதப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினார்.