நல்ல இடம்

“நாயை ஒரு நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிட்டோம்” என்றார் நண்பர். பெண்ணுக்கு வரன் பார்க்கிற பாஷை. யோசித்தால் இது தற்செயல் இல்லை. தன் விருப்பத்தைச் சொல்ல வாயில்லாத, அல்லது சொன்னாலும் கேட்கப்படாத ஒரு ஜீவனை, அதன் நன்மை என்று நாம் தீர்மானித்துக்கொண்ட ஒன்றின் பெயரால் வேறொரு கூரையின் கீழ் கொண்டுபோய் விடுவதில் நமக்கு நீண்ட பயிற்சி உண்டு. இடம் நல்லதா என்று அறிய நாம் கேட்கிற கேள்விகளும் பழையவைதாம். சொந்த வீடா, வசதி உண்டா, நல்ல மனுஷர்களா. போகிறவளுக்கு எதைக் கண்டால் பயம் என்ற கேள்வி அந்தப் பட்டியலில் ஒருபோதும் இருந்ததில்லை.

நண்பர் சொன்ன நாயை எனக்குத் தெரியும். ஒரு நகரத்துக் காப்பகத்திலிருந்து விருத்தாசலத்துக்குக் கொண்டுவரப்பட்டது. செம்பட்டை நிறம், பெட்டை, இரண்டு வயதிருக்கும். காப்பகத்தில் கூண்டின் பின்மூலையில் சுவரைப் பார்த்தபடி மாதக்கணக்கில் கிடந்திருக்கிறது. முந்தைய வாழ்க்கை யாருக்கும் தெரியாது. துடைப்பத்தைக் கண்டால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடும் என்பது மட்டும் தெரியும். அதை ஏற்றுக்கொண்ட குடும்பம் மோசமான குடும்பமல்ல. பீங்கான் வியாபாரம். பாலும் சோறும் வைத்தார்கள். பெயர் வைத்தார்கள். குழந்தைகள் மாடிப்படியின் அடியில் குனிந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி இருந்தார்கள். உறவினர்கள் வந்து பார்த்துப் போனார்கள். நாய் மாடிப்படிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. வீடு தூங்கிய பிறகு தின்றது. நாற்பதாம் நாளோ என்னவோ, தடவிக்கொடுக்க நீட்டிய வீட்டுக்காரர் கையைக் கடித்தது. ஊசி போட்டுக்கொண்டு வந்தவர் என்னிடம் கட்டைக் காட்டி, “இவ்வளவு செய்தும் நன்றியில்லை, பாருங்கள்” என்றார். கடியைவிட அதுதான் அவருக்கு வலித்தது என்று தோன்றியது.

நாயைப் பற்றி நம்மிடம் இருக்கிற ஒரே மதிப்பீடு நன்றி. நாலடியார் யானையையும் நாயையும் எதிரெதிரே நிறுத்தி, நாயைப் போன்றவரோடு நட்புக் கொள் என்கிறது. காரணம், எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் நாய் வாலைக் குழைக்கும். நட்பைப் பற்றிச் சொல்ல வந்த செய்யுள் அது, சரி. ஆனால் வேலை எறிந்தவன் ஏன் எறிந்தான் என்று அங்கே ஒரு விசாரணையும் இல்லை. காயம் பட்டவனின் விசுவாசத்தை மெச்சுகிற ஒழுக்கம், காயப்படுத்தியவனை வசதியாக மறந்துவிடுகிறது. பயந்த நாய் இந்த உவமைக்குள் அடங்க மறுக்கிறது. அது வேலை ஞாபகம் வைத்திருக்கிறது. எறிந்த கையையும் சோறு நீட்டுகிற கையையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இதை நாம் நன்றிகெட்டதனம் என்கிறோம்.

மகாபாரதம் இந்த விஷயத்தில் கூர்மையாக இருக்கிறது. அதன் ஆதி பர்வத்தில், ஜனமேஜயன் யாகம் செய்கிற இடத்துக்கு வந்த ஒரு நாய்க்குட்டியை அவன் தம்பிகள் அடித்து விரட்டுகிறார்கள். குட்டி அவியை நக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை. அதன் தாய் சரமை வந்து நியாயம் கேட்கிறாள். பதில் இல்லை. அவள் கொடுக்கிற சாபம் சாவோ நோயோ அல்ல. கண்ணுக்குத் தெரியாத பயம் ஒன்று உங்களை வந்தடையும் என்பதுதான். குற்றமின்றி அடிபட்டவன் எதைச் சுமக்கிறானோ அதை அடித்தவனுக்கே திருப்பித் தருகிற சாபம். இதிகாசத்தின் கடைசியில் யுதிஷ்டிரன் ஒரு நாயோடு சொர்க்கத்தின் வாசலில் நிற்கிறான். பயந்தவனை, அண்டி வந்தவனைக் கைவிடமாட்டேன் என்கிறான். அந்த இடத்தில் நாய் தருமதேவதையாக மாறிவிடுகிறது. இது எனக்கு எப்போதும் ஏமாற்றமாகவே இருந்திருக்கிறது. நாய் நாயாகவே இருந்திருந்தால் சொர்க்கத்தில் அதற்கு இடம் உண்டா என்ற கேள்விக்கு இதிகாசம் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி நம்மிடம் விடப்பட்டிருக்கிறது.

நாம் அதை நீதிமன்றத்தில் எழுப்பினோம். 2025 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம், தில்லியிலும் அதைச் சுற்றியும் உள்ள தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கவேண்டும், திரும்ப விடக்கூடாது என்று உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22இல் மூன்று நீதிபதிகளின் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் விதிவிலக்கு. தத்தெடுக்க விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கலாம். எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களின் நாய்களை அப்புறப்படுத்திக் காப்பகத்தில் சேர்க்கவேண்டும், அங்கேயே திரும்ப விடக்கூடாது என்று இன்னொரு உத்தரவு வந்தது. ரயில் நிலையம் என்றதும் எனக்கு எங்கள் ஊர்ச் சந்திப்பின் நடைமேடைதான் கண்ணில் வந்தது.

குழந்தைகள் கடிபடுகிறார்கள். வெறிநோய் குறி காட்டிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. இதை மறந்துவிட்டு ஜீவகாருண்யம் பேசுவது அயோக்கியத்தனம். ஆனால் சட்டத்தின் வகைகளைப் பாருங்கள். மூர்க்கம் இருக்கிறது, நோய் இருக்கிறது, பயத்துக்கு இடமில்லை. மாடிப்படிக்கு அடியிலிருந்து கடித்த நாய் மூர்க்கமானதா? தப்பிக்க வழியில்லாத மூலையில் நீண்டு வருகிற கைக்கு அதனிடம் வேறென்ன மறுமொழி இருக்கமுடியும்? சட்டத்துக்கு இடம் என்றால் ஒன்று கூண்டு, இல்லையேல் பிடித்த தெரு. மூன்றாவதாக ஒரு வீட்டைத் தேடவேண்டிய சுமை தனிமனிதர்கள் தலையில் விழுகிறது. கூண்டு நிரம்பி வழிகிறபோது, கேட்டவருக்குக் கொடுத்துவிடுகிற ஆசை யாருக்கும் வரும். சுந்தரர் எங்கள் ஊர் மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். அந்தப் பொன்னுக்கே எடுத்த இடத்தில் மாற்றுக் குறைந்திருந்தது என்கிறது பெரிய புராணம். இங்கே போட்டு அங்கே எடுக்கிற காரியத்தில் உயிருள்ளது என்ன ஆகும்?

இந்த ஊரில் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் தெரியாமல் வாழமுடியாது. உலர்ந்த மண்பாண்டத்தைத் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி மண்ணாகும். ஏறத்தாழ 600 டிகிரியைத் தாண்டிச் சுட்டுவிட்டால் கரையாது. பயம் எந்த வகை? அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஓர் ஆய்வு நடந்தது, 1961இல் வெளிவந்தது. 14 வாரம் வரை மனித ஸ்பரிசமே இல்லாமல் வளர்ந்த நாய்க்குட்டிகள், பிறகு பழக்கியும் ஏறக்குறையக் காட்டு ஜந்துக்களாகவே நின்றுவிட்டன. அவை சுட்ட மண். வேறு சில நாய்கள் வெறுமனே காய்ந்தவை. மாதங்கள் கழித்து ஒரு நாள் தானாக வந்து காலருகே படுக்கும். கூண்டின் மூலையில் கிடக்கிற நாயைப் பார்த்து அது எந்த வகை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆகவே இடம் பார்க்கிறவர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இந்த நாய் கடைசி வரை உங்களிடம் வராவிட்டாலும் வைத்திருப்பீர்களா? பயம் போகாவிட்டாலும் சரியாக இருக்கிற வீடுதான் சரியான வீடு. பயத்தைப் போக்கிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுக்கிற வீட்டை நான் நம்பமாட்டேன்.

மற்றவையெல்லாம் இதிலிருந்து வருகிறவை. கதவு ஒழுங்காகச் சாத்தப்படுகிற வீடு, ஏனென்றால் முதல் வாரங்களில்தான் இவை ஓடிப்போகும். வீட்டில் பயமறியாத இன்னொரு நாய் இருந்தால் நல்லது. மனிதனை நம்பலாமா என்பதை நாய் நாயிடம் பார்த்துத்தான் கற்கிறது. விருந்தாளி குறைவு. நேரே கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து வேறு வேலை பார்க்கத் தெரிந்த ஒருவர். அந்த நாய்க்கு, நேசம் நிரம்பி வழிகிற வீடு ஒரு முற்றுகையாக இருக்கக்கூடும். நம் அன்பு தன்னை உடனே திருப்பிக் காட்டச் சொல்கிறது. கொடுத்ததற்கு ரசீது கேட்கிறது.

செம்பட்டை நாய் கதைக்கு வருகிறேன். கடித்த பிறகு கொல்லையில் கட்டிப்போட்டார்கள். பத்து நாளில் கயிற்றைக் கடித்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வெளியே ஒரு பழைய சூளையடியில் பார்த்ததாகச் செய்தி வந்தது. நண்பரும் நானும் போனோம். நின்றுபோன சூளை. உடைந்த பீங்கான் குவியல். காவலுக்கு ஒரு பெரியவர். நாய் இருபது அடி தள்ளி, குவியலுக்குப் பின்னால், எங்களைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தது. முன்னைவிடத் தேறியிருந்தது. கிட்டே போகவேண்டாம் என்று பெரியவர் தடுத்துவிட்டார். ராத்திரி எட்டு மணிக்கு ஓர் ஓட்டுச் சட்டியில் சோறு வைப்பார். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். பெயர் வைக்கவில்லை. “கூப்ட்டா போயிடும் சார். அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.” ஒரு நாள் தவறியதில்லையா என்று கேட்டேன். பொங்கலன்றைக்கு மகள் வீட்டுக்குப் போனவர், எட்டு மணிக்குள் திரும்பிவிட்டாராம்.

இதை அலட்சியம் என்று சொல்லக் கூடும். தெருவில் நாயைக் கண்டுகொள்ளாமல் போகிறவனும் விலகித்தான் நிற்கிறான். ஆனால் அவனுக்கு எட்டு மணி கிடையாது. பெரியவர் கேட்டு வாங்குவதை விட்டாரே தவிர கடமையை விடவில்லை. நண்பர் ஒழுங்கை மதிக்கிறவர். காப்பகத்துப் படிவம் கையோடு கொண்டுவந்திருந்தார். தடுப்பூசி, கருத்தடை எல்லாம் அதில் பதிவாகியிருந்தது. உடையவர் என்ற இடத்தில் கையெழுத்து வேண்டும். “நாய் உங்களுடையதுதானே?” என்று கேட்டார்.

“என்னுது இல்ல சார். ஆனா சோறு நான்தான் வெக்கணும்.”

நண்பர் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டார். பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சூளை இருக்கிற நிலத்தை விற்கப்போவதாகப் பேச்சு. இது நல்ல இடம்தானா என்று திரும்பி வரும்போது அவர் கேட்டார். இன்றைக்கு ஆம் என்றேன். பெரியவருக்குப் பிறகு? எட்டு மணிக்குச் சட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர என்னால் முடியுமா என்று நான் இன்னும் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.