எவ்வளவு வரும் தம்பி?

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் யார் வீட்டுக் கல்யாணப் பேச்சிலும் நகைக்கணக்கு சவரனில்தான். அந்தச் சொல் ஓர் இங்கிலாந்து ராஜாவின் காசு. 1489-ல் ஏழாம் ஹென்றி, தான் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கும் உருவத்தோடு அடித்த தங்கக் காசுக்குப் பெயர் சாவரின். (நம்ம எட்டு கிராம் கணக்கு 1817-ல் வந்த புதுச் சவரனுடையது.) ராஜாவை மறந்துவிட்டோம், எடை நின்றுவிட்டது.

காசுமாலைக்கு வந்து சேர்ந்த இன்னொரு காசு வெனிஸ் டக்கட். வெனிஸை ஆண்டவர் மன்னரல்ல, தேர்ந்தெடுக்கப்பட்ட டோஜே. 1284-லிருந்து 1797 வரை ஏறக்குறைய ஒரே அச்சு, மூன்றரை கிராம், கிட்டத்தட்ட சுத்தத் தங்கம். புனித மாற்கு முன் டோஜே மண்டியிட்டுக் கொடிக்கம்பத்தைப் பிடித்திருப்பார். நம்மூர்க் கண்ணுக்கு அவர் பனையேறியாகத் தெரிந்தார், காசுக்கும் அந்தப் பெயரே அமைந்தது. டோஜே மாறினால் காசில் பெயர் மாறும். கொஞ்ச நாளே பதவியில் இருந்தவரின் காசு இன்று லேசில் கிடைக்காது.

அப்படி ஒன்று பாட்டி காலத்து மாலையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறுவைச் செலவுக்கு அதை விற்க ஓர் அம்மா வருகிறார். கடைக்காரருக்குக் காசின் அருமை தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. தராசு சரி, அன்றைய ரேட்டும் சரி. எடைக்கு வாங்கலாமா?

பொ.மு. 44-ல் சிசரோ கிட்டத்தட்ட இதையே கேட்டார்: பித்தளை என்று நினைத்துத் தங்கத்தை விற்கிறான் ஒருவன்; ஆயிரம் பெறுமானப் பொருளை நல்லவன் ஒரு தெனாரியஸுக்கு வாங்குவானா, உண்மையைச் சொல்வானா? சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும் என்பது டயோஜெனிஸ் கட்சி. தெரிந்த எதையும் எதிராளியிடம் மறைக்கக் கூடாது என்பது ஆன்டிபேட்டர் கட்சி.

டயோஜெனிஸை லேசாகத் தள்ளிவிட முடியாது. இருபது வருஷம் படித்துச் சேர்த்த அறிவை ஏன் சும்மா கொடுக்கணும்? கொடுக்க வேண்டாம், அதற்குக் கமிஷன் கேட்கலாம். ஆனால் அம்மா சும்மா நிற்கவில்லை, "எவ்வளவு வரும் தம்பி?" என்று கேட்கிறார். அவர் கேட்டது எடையை அல்ல, விலையை. கிராம் கணக்கை மட்டும் சொன்னால் அது மௌனம் இல்லை, தவறான பதில்.

இன்னொன்றும் உறுத்துகிறது. இந்தக் காசு அரிதானது எப்படி? குறைவாக அடித்தார்கள், சரி. அடித்ததிலும் எத்தனையோ, இதே மாதிரி முடைக்கு விற்கப்பட்டு ஆசாரியின் மூசையில் உருகிப்போனது. உருகாத ஒன்றின் விலையை ஏற்றிவிட்டவர்கள் அந்த விற்றவர்கள். அந்த லாபத்தில் அவர்களுக்குப் பங்கே இல்லை. போதாததற்கு, மாலையில் கோக்கப் போட்ட துளையைக் காட்டி, "இது அடிபட்ட காசு" என்று சேகரிப்பாளர் விலையைக் குறைப்பார்.