பழைய பெயரும் இன்றைய மனிதரும்

ஒருவர் தமது பதினேழாவது வயதில் இணையத்தில் ஒரு புனைபெயரைச் சூட்டிக்கொள்கிறார். அந்தப் பெயரில் வாதிடுகிறார், கேலி செய்கிறார், அரைகுறையாக அறிந்ததை முழு உறுதியோடு எழுதுகிறார். இருபது ஆண்டுகள் கடக்கின்றன. இன்று அவர் பொறுப்பான பணியில் இருப்பவர், குடும்பத் தலைவர். ஆயினும் தேடுபொறியில் அந்தப் பெயரை இட்டால், அன்றைய சொற்கள் நேற்று எழுதியவை போல வந்து நிற்கின்றன. அவற்றை அகற்ற அவர் விரும்புகிறார். இது பொறுப்பிலிருந்து தப்பும் முயற்சியா, அல்லது வளர்ந்துவிட்ட மனிதரின் நியாயமான உரிமையா?

சட்டத்தின் பார்வை

ஸ்பெயின் நாட்டவர் ஒருவரின் கடனுக்காக அவரது சொத்து ஏலத்திற்கு வந்த அறிவிப்பு 1998-இல் ஒரு நாளிதழில் வெளியாயிற்று. கடன் தீர்ந்து பல ஆண்டுகள் ஆன பின்னும், அவர் பெயரைத் தேடியவர்களின் கண்ணில் அந்த அறிவிப்பே பட்டது. 2014 மே 13 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அவ்வழக்கில் தீர்ப்பளித்தது. நாளிதழின் பக்கம் சட்டப்படி வெளியானதாகவே இருக்கலாம். எனினும் ஒருவரது பெயரைத் தேடும்போது காலம் கடந்த, பொருத்தமற்ற செய்தி வந்து நிற்குமானால், அந்த இணைப்பை நீக்கக் கோர அவருக்கு உரிமை உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். பொதுவாழ்வில் அவர் வகிக்கும் இடம் காரணமாக மக்கள் அதை அறிய வேண்டியிருந்தால் இவ்வுரிமை செல்லாது என்றும் நீதிமன்றம் கூறியது. ஒருவருடைய புனைபெயர் அவருடையதே என்று நிறுவப்பட்டால் அதற்கும் இது பொருந்தும் என்பது, அதே ஆண்டில் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் வகுத்த நெறி.

நம் நாட்டில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என அறிவித்தது. தரவுகளைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமை 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெற்றது.

நூலும் சொல்லடைவும்

தேடுபொறி, ஒரு நூலின் இறுதியில் உள்ள சொல்லடைவைப் போன்றது. சொல்லடைவில் ஒரு வரியை நீக்கினாலும் நூலின் பக்கம் அப்படியே இருக்கும். பக்கத்தையே அகற்றிவிட்டாலும், அடைவு புதுப்பிக்கப்படும் வரை பழைய வரி அதில் தென்படும். அதை விரைவில் நீக்குமாறு விண்ணப்பிக்க வழியுண்டு. அவசரப்பட்டுக் கணக்கை முதலில் மூடிவிடுவோர் பலர். பல தளங்களில் கணக்கு மறைந்தாலும் எழுத்துகள் எஞ்சும். அவற்றைத் திருத்தும் அதிகாரம் மட்டும் கைவிட்டுப் போகும். எனவே எழுத்துகளை முதலில் அகற்றுவதும், கணக்கைப் பின்னர் மூடுவதுமே முறை. பிறர் எடுத்து வைத்த பிரதிகள் அதன் பிறகும் எங்கேனும் இருக்கக்கூடும்.

அவனே இவன்

வேதாந்த நூல்களில் வழங்கும் ஓர் உதாரணம் உண்டு. முன்பு ஓரிடத்தில் கண்ட தேவதத்தனைப் பல ஆண்டுகளுக்குப் பின் வேறோரிடத்தில் காண்பவன், ‘அவனே இவன்’ என்கிறான். ‘அன்று, அங்கு’ என்பதும் ‘இன்று, இங்கு’ என்பதும் ஒன்றோடொன்று முரண்படுபவை. அவற்றைக் கழித்துவிட்டு மனிதனை மட்டும் கொள்வதே அறிதல். தேடுபொறியோ எதையும் கழிப்பதில்லை. அன்றைய குணத்தை அப்படியே இன்றைய மனிதர் மீது ஏற்றிவிடுகிறது. ஒன்றின் தன்மையை மற்றொன்றின் மீது ஏற்றுவதை வேதாந்தம் அத்யாஸம் என்கிறது. அந்தப் பொய்த் தோற்றத்தை அகற்ற விரும்புவதில் குற்றமில்லை.

அப்படியானால், ‘அதை எழுதியவன் நானல்ல’ என்று சொல்லிவிடலாமா? மிலிந்த மன்னனுக்கும் நாகசேனருக்கும் நடந்த உரையாடலைக் கூறும் பாலி நூலில் இதற்கு விடை கிடைக்கிறது. மாம்பழம் திருடியவன் ஒருவன், ‘இவர் நட்டது வேறு பழம், நான் பறித்தது வேறு பழம்’ என்று வாதிடுகிறான். ஆயினும் அவன் குற்றவாளியே. நட்ட பழத்திலிருந்து வந்ததல்லவா பறித்த பழம்! பதினேழு வயதினர் நட்டதன் பலனும் அவ்வாறே முப்பத்தேழு வயதினரை வந்து சேர்கிறது.

ஆகவே அழிப்பதற்கு முன் ஒரு கேள்வி எழ வேண்டும்: அந்தச் சொற்கள் யாரைப் புண்படுத்தின? எழுதியவருக்கு மட்டுமே நாணம் தருபவை என்றால் தயக்கமின்றி அகற்றலாம். மற்றொருவர் மீது சுமத்திய பழி அவற்றில் இருந்தால், முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுப் பழியைத் திரும்பப் பெற வேண்டும். அதன் பின்னரே அழிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், பட்டவரின் காயம் ஆறாமலே சாட்சியம் மட்டும் மறைந்துபோகும். ஸ்பெயின் நாட்டவரின் கோரிக்கைக்கு வலுச் சேர்த்ததும் அவரது கடன் முன்பே தீர்ந்திருந்தது என்பதே.

தேடிப் படிப்பவருக்கும் ஒரு கடமை உண்டு. சித்திரகுப்தனின் ஏடு ஒருவனது நன்மையையும் தீமையையும் சேர்த்தே எழுதுவது. அதைப் படித்துத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் யமதர்மன் ஒருவனுக்கே உரியது. இன்றைய ஏடோ எல்லோர் கையிலும் இருக்கிறது. அதில் ஒரு பழைய வரியைக் கண்டால், முதலில் அதன் தேதியைப் பார்ப்பதும், அதற்குப் பிறகு அந்த மனிதர் எத்தனை தூரம் நடந்திருப்பார் என்று எண்ணுவதுமே அறம்.