நிகழ்தகவும் நீதியும்

தமிழர்தம் அறநூல்கள் சூதினைக் கடிந்துரைத்தன. ஆயினும் மருத்துவம், காப்புறுதி, பொருளியல் முதலாய துறைகள் இன்று தங்கி நிற்கும் நிகழ்தகவுக் கோட்பாடு சூதாட்டக் களத்திலேயே உருப்பெற்றது. 1654ஆம் ஆண்டில் பிரான்சிய அறிஞர்களாகிய பஸ்காலும் பேர்மாவும் கடித வாயிலாக ஆராய்ந்த வினாக்களுள் ஒன்று இது: இருவர் ஆளுக்கு 32 நாணயம் பணயம் வைத்து ஆடுகின்றனர். மூன்று ஆட்டங்களை முதலில் வெல்பவருக்கே 64 நாணயங்களும் உரியன. ஒருவர் இரண்டு ஆட்டங்களையும் மற்றவர் ஒன்றையும் வென்றிருக்கையில் ஆட்டம் தடைப்படின், பணத்தை எவ்வாறு பங்கிடுதல் நியாயம்?

பஸ்காலின் விடை எளிமையானது. அடுத்த ஆட்டத்தில் முன்னிற்பவர் வென்றால் 64 நாணயங்களும் அவருடையன. தோற்றாலோ இருவரும் சமநிலை எய்துவர். அப்போதும் 32 அவருக்குண்டு. ஆகவே 32 எவ்வாற்றானும் அவருக்கே உரியது. எஞ்சிய 32ஐப் பெறும் வாய்ப்பு இருவர்க்கும் சமமாதலின் அதனைப் பாதியாகப் பிரித்தல் தகும். முன்னிற்பவருக்கு 48, மற்றவருக்கு 16. இங்கு வினவப்பட்டது வெல்லும் வழி அன்று, நியாயமான பங்கு எது என்பதே. நிகழ்தகவு தன் தோற்றத்திலேயே நீதி பற்றிய வினாவாக அமைந்தமை நோக்கற்பாலது.

இவ்வாறிருந்தும், அது கணித மாணவர்க்கே உரியது எனக் கலைத்துறையினர் ஒதுங்கி நிற்றல் வழக்கமாயிற்று. எண்ணறியாமை ஒருவரது சொந்தக் குறைபாடு மாத்திரமாயின் அதிற் பெருந்தீங்கில்லை. பிறர் வாழ்வைத் தீர்மானிக்கும் ஆசனத்தில் அஃது அமரும்போது ஒழுக்கப் பிரச்சினையாகின்றது. இங்கிலாந்தில் நிகழ்ந்த வழக்கொன்று இதனைத் தெளிவுறுத்தும்.

சாலி கிளார்க் என்னும் சட்டத்தரணியின் ஆண் குழந்தைகள் இருவர், பிறந்து சில வாரங்களில், முறையே 1996இலும் 1998இலும் இறந்தனர். தாயே கொன்றாள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. 1999இல் நடந்த விசாரணையில் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஒருவர் சாட்சியமளித்தார். அத்தகைய வசதியுள்ள, புகைபிடிப்போரற்ற குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் புலப்படாது திடீரென இறப்பதற்கான வாய்ப்பு 8,543இல் ஒன்று. இரு குழந்தைகள் இறப்பதற்கான வாய்ப்பு அவ்வெண்ணை அதே எண்ணாற் பெருக்கிவரும் ஏறத்தாழ 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று என்றார். யூரர்களுட் பதின்மர் அவளைக் குற்றவாளி எனக் கண்டனர். ஆயுட்சிறை விதிக்கப்பட்டது.

இக்கணிப்பில் இரு தவறுகள் உள. நாணயத்தை இருமுறை சுண்டுகையில் முதலில் விழுந்தது அடுத்ததைப் பாதிப்பதில்லை. அங்கு பெருக்கல் தகும். ஒரே தாய் தந்தையர்க்குப் பிறந்து ஒரே வீட்டில் வளரும் குழந்தைகளோ பரம்பரையாலும் சூழலாலும் பிணைக்கப்பட்டவர்கள். ஒரு குழந்தையைக் கொண்ட குறைபாடு மற்றதையும் தாக்கல் கூடும். சாராத நிகழ்ச்சிகளுக்குரிய விதியைச் சார்ந்த நிகழ்ச்சிகளுக்குப் பிரயோகித்தமை முதலாவது தவறு.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. அதிர்ஷ்டலாபச் சீட்டில் ஒருவருக்கு முதற்பரிசு விழுதல் மிக அரிது. அதனால் பரிசு பெற்றவர் மோசடி செய்தார் என எவரும் கூறார். குற்றமற்ற ஒருத்திக்கு இத்துயர் நேர்வது அரிது என்பது வேறு. இத்துயர் நேர்ந்த ஒருத்தி குற்றமற்றவளாயிருத்தல் அரிது என்பது வேறு. தாயொருத்தி தன் இரு மதலையரையும் கொல்லுதலும் மிக அரிதே. இவ்விரு அரிய நிகழ்ச்சிகளுள் எது கூடுதலாக நிகழத்தக்கது என்பதே வினவப்பட வேண்டியிருந்தது.

2001இல் அரச புள்ளிவிபரவியற் கழகம் இக்கணிப்பைப் பகிரங்கமாகக் கண்டித்தது. எதிர்த்தரப்புக்கு அறிவிக்கப்படாதிருந்த நுண்ணுயிரியல் ஆய்வு முடிவுகள் வெளிவந்தமையால் 2003இல் தீர்ப்பு நீக்கப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து மீண்ட அவள் 2007இல் இறந்தாள்.

சிலப்பதிகாரத்துப் பாண்டியன் இயல்பிற் கொடியவன் அல்லன். அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அகப்பட்டான் எனப் பொற்கொல்லன் கூறிய அளவில் அவன் கொலைக்கு ஆணையிட்டான். அத்தகைய சிலம்பு குற்றமற்றவன் ஒருவனிடமும் இருத்தல் கூடுமோ என்னும் ஒரு வினா எழுந்திருப்பின் கோவலன் பிழைத்திருப்பான். அந்த யூரர்களும் கொடியவர் அல்லர். பொய்யுரைக்கும் நோக்கம் மருத்துவருக்கும் இருந்ததில்லை. எனினும் அநீதி நிகழ்ந்தது. நல்லெண்ணம் ஒன்றே நீதிக்குப் போதியதன்று என்பதே இதனாற் பெறப்படும் உண்மை.

அவ்வாறாயின் எண்களை நீதிமன்றிலிருந்து விலக்குதல் நன்றன்றோ எனச் சிலர் வினவலாம். அது தீர்வாகாது. கண்டவர் சாட்சியமும், கைரேகையும், மனிதர் ஞாபகமும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. எண்ணைக் கூறாது விட்டாலும் நிகழ்தகவு அங்கே மறைந்து நிற்கும். வேறுபாடு, அது பரிசோதிக்கப்படாது நிற்கும் என்பதே.

எனவே நிகழ்தகவின் அரிச்சுவடியைக் கற்றல் பரீட்சைக்குரிய கடமை மாத்திரமன்று. பெருக்கப்பட்டவை ஒன்றையொன்று சாராதனவோ, எதனோடு ஒப்பிட்டு இஃது அரிது எனப்படுகின்றது என்னும் இரு வினாக்களையும் எழுப்ப உயர்கணிதம் வேண்டியதில்லை. நாளை நீதிபதியாகவும் நிருவாகியாகவும் ஆசிரியராகவும் அமர்ந்து பிறரைப் பற்றித் தீர்ப்புக் கூறப்போகும் கலைத்துறை மாணவன் அவற்றைக் கேட்கக் கற்றல் வேண்டும். அவன் கேளாது விடும் வினாவின் விலையைச் செலுத்துபவர் அவனல்லர். அவன் முன் நிற்பவரே.